டிஓசி நடத்துவது எப்படி? கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களிடம் எந்தப் பேப்பரை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பலரும் டிஓசி என்பார்கள். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், அதாவது கணினியால் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்பதைக் கணித மாதிரிகளை வைத்து ஆராயும் பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் கணினி அறிவியல் பிரிவுக்கு இது நான்காம் செமஸ்டரில் வருகிறது. மொத்தம் 45 பீரியட், ஐந்து யூனிட், லேப் கிடையாது. அதுவரை புரோகிராம் எழுதி, ரன் செய்து, திரையில் விடை வருவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு முன்னால் திடீரென்று வட்டங்கள், அம்புக்குறிகள், கிரேக்க எழுத்துகள், நிரூபணங்கள்.

பாடம் கடினமானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் நடத்தும் வரிசை அதை இன்னும் கடினமாக்குகிறது. முதல் வகுப்பிலேயே ‘ஃபைனைட் ஆட்டோமேட்டன் என்பது ஐந்து உறுப்புகள் கொண்ட ஒரு தொகுதி’ என்று போர்டில் எழுதிவிடுகிறோம். ஏன் ஐந்து, நான்கு போதாதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. தேவை பிறக்கும் முன்பே வரையறை வந்துவிட்டால், மனப்பாடம் செய்வதைத் தவிர மாணவருக்கு வேறு வழியில்லை.

கீழே உள்ள படிகள் எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடுதான் இருக்கிறது. மாணவர் முதலில் செய்யட்டும், ஊகிக்கட்டும், மாட்டிக்கொள்ளட்டும். வரையறை அப்புறம் வரட்டும். சிலபஸில் எதையும் வெட்டவில்லை, நிரூபணங்களையும் விடவில்லை.

படி 1: செமஸ்டருக்கு முன்பே முடிச்சுகளைக் கண்டுபிடியுங்கள்

சிலபஸைக் கையில் எடுத்து ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் ‘செய்முறை’ அல்லது ‘முடிச்சு’ என்று எழுதுங்கள். என்எஃப்ஏவை (ஒரே இலக்கத்துக்குப் பல வழிகள் இருக்கலாம் என்ற ஆட்டோமேட்டன்) டிஎஃப்ஏவாக (ஒரே வழி மட்டும் உள்ளது) மாற்றுவது, டிஎஃப்ஏவைச் சுருக்குவது, கிராமரைச் சாம்ஸ்கி நார்மல் ஃபார்ம் என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் செய்முறை. நான்கு கணக்கு போட்டால் கை பழகிவிடும். முடிச்சு என்பது மாணவர் யோசிக்கும் விதமே மாற வேண்டிய இடம். என் பார்வையில் டிஓசியில் முடிச்சுகள் நான்கு: ஸ்டேட் என்றால் என்ன, நான்-டிடர்மினிசம், பம்பிங் லெம்மா, ரிடக்‌ஷன்.

நடைமுறையில் வகுப்பு நேரம் பெரும்பாலும் செய்முறைகளுக்கே போகிறது. போர்டு நிறையும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், எல்லாம் நன்றாக நடப்பது போல இருக்கும். இதைத் தலைகீழாக்குங்கள். செய்முறைகளுக்குப் பாதி முடித்த ஒர்க்‌ஷீட் கொடுத்து வீட்டில் செய்யச் சொல்லுங்கள், வகுப்பில் விடையை மட்டும் சரிபாருங்கள். நார்மல் ஃபார்ம்களில் இப்படி மிச்சமாகும் பீரியட்களை அப்படியே ஐந்தாம் யூனிட்டுக்கு (எந்த மெஷினாலும் தீர்க்க முடியாத சிக்கல்கள் வரும் பகுதி) கொடுத்துவிடலாம். அந்த யூனிட்டைத்தான் பல கல்லூரிகளில் கடைசி வாரத்தில் அவசரம் அவசரமாக ஓட்டுகிறார்கள்.

‘இப்படியெல்லாம் செய்தால் போர்ஷன் முடியுமா?’ என்று எச்ஓடி கேட்டால் சொல்வதற்கு ஒரு தகவல். 2014இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி ஆய்விதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் தொடர்பான 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம். மாணவர்கள் ஏதாவது செய்தும் பேசியும் கற்ற வகுப்புகளில் 21.8. அரியர் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படும் எந்தத் துறைக்கும் இந்த வித்தியாசம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

படி 2: முதல் வாரம், மூன்று நாற்காலிகள்

முதல் வகுப்பில் வரையறை வேண்டாம். மூன்று நாற்காலிகளை முன்னால் போட்டு 0, 1, 2 என்று அட்டை ஒட்டுங்கள். ஒரு மாணவரை 0 நாற்காலியில் உட்கார வையுங்கள். இன்னொருவர் ஒரு பைனரி எண்ணை இடமிருந்து வலமாக, ஒரு நேரத்தில் ஓர் இலக்கம் என்று வாசிக்கட்டும். விதிகளைப் போர்டில் எழுதிவிடுங்கள்:

0 நாற்காலியில் இருக்கும்போது 0 வந்தால் அங்கேயே இரு, 1 வந்தால் 1க்குப் போ.
1 நாற்காலியில் இருக்கும்போது 0 வந்தால் 2க்குப் போ, 1 வந்தால் 0க்குப் போ.
2 நாற்காலியில் இருக்கும்போது 0 வந்தால் 1க்குப் போ, 1 வந்தால் அங்கேயே இரு.

110 வாசித்தால் அவர் 0 நாற்காலியில் முடிப்பார். 101 வாசித்தால் 2இல் முடிப்பார். ஏழெட்டு எண்கள் வாசித்த பிறகு கேளுங்கள்: ‘இந்த நாற்காலிகள் என்ன வேலை செய்கின்றன?’ காத்திருங்கள். யாராவது ஒருவர், பெரும்பாலும் பின்பெஞ்சிலிருந்து, ‘மூணால வகுத்தா வர்ற மீதி சார்’ என்பார்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. ‘பத்தாயிரம் இலக்கம் உள்ள எண்ணை வாசித்தால் எத்தனை நாற்காலி வேண்டும்?’ அப்போதும் மூன்றுதான். படித்த எண் முழுவதையும் இந்த மெஷின் நினைவில் வைப்பதில்லை, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறது. ஸ்டேட் என்பது இதுதான் என்பதை அந்த இடத்தில் சொல்லுங்கள்.

இங்கிருந்து செமஸ்டர் முழுக்க ஒரு கட்டாய விதி: எந்த வட்டம் வரைந்தாலும் அதன் பக்கத்தில் ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும். ‘இதுவரை வந்த 0களின் எண்ணிக்கை ஒற்றைப்படை’, ‘கடைசியாக வந்த இரண்டும் 01’, இப்படி. தமிழில் எழுதினாலும் சரி. வாக்கியம் எழுத முடியவில்லையென்றால் அந்த வட்டம் எதற்கு என்று வரைந்தவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம். அம்புக்குறியை இங்கே போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் அங்கே மாற்றுவோம் என்று தடவித் தடவி வரையும் பழக்கம் இந்த ஒரு விதியால் குறைகிறது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

ஐந்து உறுப்பு வரையறை இப்போது வரலாம். அதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். ‘வேறு ஊர்க் கல்லூரியில் இருக்கும் உங்கள் நண்பருக்கு, படம் எதுவும் வரையாமல், வெறும் எழுத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப வேண்டும். அதைப் படித்து அவர் இதே மெஷினை அங்கே அமைக்க வேண்டும். செய்தியில் என்னென்ன இருக்க வேண்டும்?’ நாற்காலிகளின் பட்டியல் என்பார்கள். எந்த எழுத்துகள் வரலாம், எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்ற அட்டவணை, எங்கே தொடங்குவது என்பார்கள். கடைசி ஒன்றை மறந்துவிடுவார்கள்: எங்கே முடிந்தால் ‘சரி’ என்று சொல்வது? அதையும் யாராவது கண்டுபிடித்ததும் எண்ணிப் பாருங்கள், ஐந்து. கிரேக்க எழுத்துகளை அப்போது ஒட்டிக்கொள்ளலாம்.

படி 3: நான்-டிடர்மினிசத்துக்கு ஒரு கைப்பிடி நாணயம்

‘சார், ரெண்டு அம்பு இருக்கே, எந்த வழியில போகும்?’ என்எஃப்ஏ நடத்தும் எல்லா வகுப்பிலும் வரும் கேள்வி. ‘சரியான வழியை அதுவே ஊகித்துக்கொள்ளும்’ என்ற வழக்கமான பதில் கணித ரீதியாகச் சரி, ஆனால் இரண்டாமாண்டு மாணவருக்கு அது மந்திரம் போலக் கேட்கிறது.

நாணயங்களைப் பயன்படுத்துங்கள். நான்கு பேருக்கு ஒரு சார்ட் பேப்பர், அதில் பெரிய என்எஃப்ஏ படம், கையில் சில ஒரு ரூபாய் நாணயங்கள். தொடக்க ஸ்டேட்டில் ஒரு நாணயம். ஓர் இலக்கம் வாசித்ததும் ஒவ்வொரு நாணயமும் அந்த இலக்கத்துக்கு உரிய எல்லா அம்புகளிலும் போகும். இரண்டு அம்பு இருந்தால் நாணயம் இரண்டாகும். அம்பே இல்லையென்றால் நாணயத்தை எடுத்துவிடலாம். ஒரே வட்டத்தில் இரண்டு நாணயம் சேர்ந்தால் ஒன்றை மட்டும் வைத்தால் போதும். வாசித்து முடிக்கும்போது முடிவு ஸ்டேட்டில் ஒரு நாணயமாவது இருந்தால் அந்தச் சரம் (வாசித்த இலக்க வரிசை) ஏற்கப்பட்டது.

விளையாடுவதற்கு நல்ல மொழி (டிஓசியில் மொழி என்றால் சரங்களின் தொகுப்பு): கடைசியிலிருந்து மூன்றாவது இலக்கம் 1ஆக இருக்கும் சரங்கள். என்எஃப்ஏவுக்கு நான்கு ஸ்டேட் போதும். சில சரங்களை ஓட்டிய பிறகு, படத்தில் நாணயங்கள் எந்தெந்த அமைப்புகளில் இருந்தன என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். மொத்தம் எட்டு அமைப்புகள் வரும். ஒவ்வொரு அமைப்பையும் ஒரு வட்டமாக வரைந்தால் அதுவே டிஎஃப்ஏ. சப்செட் கன்ஸ்ட்ரக்‌ஷனை நீங்கள் நடத்துவதற்கு முன்பே அவர்கள் செய்துமுடித்திருப்பார்கள்.

அப்புறம் கேளுங்கள்: கடைசியிலிருந்து பத்தாவது இலக்கம் 1 என்றால்? பதிலை முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. என்எஃப்ஏவுக்கு 11, டிஎஃப்ஏவுக்கு 1024. பலரும் நூறுக்குள்தான் எழுதியிருப்பார்கள். கடைசிப் பத்து இலக்கங்களும் நினைவில் இருந்தால்தான் முடியும், அதற்குக் குறைவான ஸ்டேட் போதாது என்ற விளக்கத்தை இப்போது ஆர்வத்தோடு கேட்பார்கள்.

இதெல்லாம் எங்கே பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இங்கேயே பதில் இருக்கிறது. நாணயம் நகர்த்தும் இதே முறையைத்தான் கணினி விஞ்ஞானி கென் தாம்சன் 1968இல் டெக்ஸ்ட் தேடலுக்குப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினார். இன்றைய பல புரோகிராமிங் மொழிகளின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேட வேண்டிய சரங்களின் வடிவத்தைச் சொல்லும் குறியீடு) இன்ஜின்கள் அப்படிச் செய்வதில்லை. ஒரு வழியில் போய்ப் பார்த்து, தோற்றால் திரும்பி வந்து அடுத்த வழியில் போகின்றன. கணினியில் பைத்தானைத் திறந்து (0+)+$ என்ற பாட்டர்னை, இருபது 0களும் கடைசியில் ஒரு 1ம் உள்ள சரத்தோடு, தொடக்கத்திலிருந்து பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் 0களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகட்டும். ஒரு 0 கூடும்போதெல்லாம் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கொஞ்ச நேரத்தில் கணினி பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிடும். 2019 ஜூலை 2 அன்று இணையதளங்களுக்கு வேகமும் பாதுகாப்பும் தரும் கிளவுட்ஃப்ளேர் சேவை உலகம் முழுக்க அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடங்கியது இதே வகைச் சிக்கலால்தான். ஃபயர்வாலில் புதிதாகச் சேர்த்த ஒரு விதியில் இருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் சர்வர்களின் சிபியுவை முழுசாக விழுங்கிவிட்டது. தேர்வுக்கு மட்டும்தான் என்று நினைத்த பாடம் எவ்வளவு பெரிய சேவையின் நடுவில் இருக்கிறது என்பதை மாணவர்கள் பார்க்க வேண்டும்.

படி 4: பம்பிங் லெம்மாவை இருவர் ஆட்டமாக ஆடுங்கள்

ஒரு மொழி ரெகுலர் இல்லை, அதாவது எந்த ஃபைனைட் ஆட்டோமேட்டனாலும் அதை அடையாளம் காண முடியாது என்று காட்டும் கருவி பம்பிங் லெம்மா. டிஓசியின் மிகப் பெரிய முடிச்சு இது. அதன் கூற்றில் ‘எல்லாவற்றுக்கும்’, ‘ஏதாவது ஒன்றுக்கு’ என்பவை மாறி மாறி நான்கு முறை வருகின்றன. எதை நாம் தேர்ந்தெடுக்கலாம், எதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது மாணவருக்குப் பிடிபடுவதில்லை. விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழையும் அதுதான்: சரத்தைத் தனக்கு வசதியான இடத்தில் தானே வெட்டிக்கொண்டு ‘ஆகவே ரெகுலர் இல்லை’ என்று முடித்துவிடுவார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரை எதிரெதிர் அணியாக்குங்கள். ஒருவர் எதிராளி. ‘இந்த மொழி ரெகுலர்’ என்பது அவர் வாதம். மற்றவர் அதை மறுப்பவர்.

முதல் நகர்வு எதிராளிக்கு: ஓர் எண்ணைச் சொல்வார்.
இரண்டாவது மறுப்பவருக்கு: மொழியில் உள்ள, அந்த எண்ணுக்குக் குறையாத நீளமுள்ள ஒரு சரத்தை எழுதுவார்.
மூன்றாவது எதிராளிக்கு: அதை மூன்று துண்டாக வெட்டுவார். நடுத்துண்டு காலியாக இருக்கக் கூடாது. முதல் இரண்டு துண்டும் சேர்ந்து அவர் சொன்ன எண்ணைத் தாண்டக் கூடாது.
நான்காவது மறுப்பவருக்கு: நடுத்துண்டை எத்தனை முறை எழுதுவது என்று சொல்வார். ஒரேயடியாக நீக்கிவிடவும் செய்யலாம்.

வந்த சரம் மொழிக்கு வெளியே விழுந்தால் மறுப்பவருக்கு வெற்றி.

முதலில் ‘சில 0கள், அப்புறம் அதே எண்ணிக்கையில் 1கள்’ என்ற மொழியில் ஆடட்டும். எதிராளி 4 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுப்பவர் 00001111 எழுதினால் எதிராளி எங்கே வெட்டினாலும் நடுத்துண்டில் 0கள் மட்டும்தான் இருக்க முடியும். இரண்டு தடவை எழுதினால் 0 கூடிவிடும். இரண்டு மூன்று ஆட்டத்தில் இது பழகிவிடும்.

அடுத்து பாலிண்ட்ரோம், அதாவது திருப்பிப் படித்தாலும் மாறாத சரங்கள். 0000 என்று வெறும் 0களாக எழுதியவர்கள் தோற்பார்கள். எத்தனை 0 சேர்த்தாலும் அது பாலிண்ட்ரோம்தானே! 000010000 எழுதியவர்கள் ஜெயிப்பார்கள். சரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது என்பதை ஒருவர் தோற்ற ஆட்டம் நன்றாகவே கற்றுத்தந்துவிடும்.

மூன்றாவதாக, முன்கூட்டிச் சொல்லாமல், 0களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும் சரங்களைக் கொடுங்கள். கொஞ்சம் சாமர்த்தியமாக ஆடும் எதிராளியை இதில் ஜெயிக்கவே முடியாது. அவர் 2 என்று சொல்லிவிட்டு, முதல் இரண்டு இலக்கத்தில் 1 இருந்தால் அந்த 1ஐயும், இரண்டுமே 0 என்றால் 00ஐயும் நடுத்துண்டாக எடுத்துக்கொண்டால் போதும். ‘ஏன் ஜெயிக்க முடியவில்லை?’ என்ற விவாதத்துக்கு முழுசாகப் பத்து நிமிடம் கொடுங்கள். அதன் முடிவில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுங்கள்: எதிராளி எப்போதும் ஜெயிக்கிறார் என்பதால் மட்டும் மொழி ரெகுலர் என்று நிரூபணம் ஆகாது. ரெகுலர் அல்லாத சில மொழிகளிலும் அவர் ஜெயிக்க முடியும்.

ஆட்டம் முடிந்ததும் நான்கு நகர்வுகளையும் நான்கு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுத வையுங்கள். எதிராளி எண்ணைச் சொன்னது ‘பம்பிங் நீளம் என்று ஒன்று இருப்பதாகக் கொள்வோம்’ என்ற வரியாக மாறும். எதிராளி வெட்டியது ‘எப்படிப் பிரித்தாலும்’ என்ற வரியாக மாறும். தேர்வில் 13 மதிப்பெண் கேள்விக்கு எழுத வேண்டிய விடையின் எலும்புக்கூடு அதுதான்.

படி 5: கைவிரல் வாக்கெடுப்பு

அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் முன்வரிசையில் நான்கு தலை ஆடும். மற்றவர்களைப் பற்றி இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதுதான் தெரியும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இதற்கு ஒரு முறையைக் கையாண்டு பரப்பினார். நம் வகுப்புகளுக்கு அது அப்படியே பொருந்துகிறது, கருவி எதுவும் வேண்டாம்.

நான்கு விடைகளோடு ஒரு கேள்வியைப் போடுங்கள். ஒன்றரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு நீங்கள் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சருகே விரல்களைக் காட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சரியான விடையை இப்போது சொல்லாதீர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் சரியாகச் சொல்லியிருந்தால் அதுதான் நல்ல கேள்வி. ‘வேறு விடை சொன்ன ஒருவரைக் கண்டுபிடித்து உங்கள் பக்கம் இழுங்கள்’ என்று மூன்று நிமிடம் விடுங்கள். திரும்ப வாக்கெடுப்பு. அதற்குப் பிறகுதான் விளக்கம். முதல் வாக்கெடுப்பிலேயே பெரும்பாலோர் சரியென்றால் நேரே அடுத்த பாடத்துக்குப் போகலாம். மிகச் சிலரே சரியென்றால் விவாதம் உதவாது, நீங்கள்தான் திரும்ப நடத்த வேண்டும்.

எல்லாமே கேள்வியின் தரத்தைப் பொறுத்தது. வரையறையை ஒப்பிக்கச் சொல்லும் கேள்வி வேண்டாம். டிஓசிக்கு நன்றாக வேலை செய்யும் மூன்று:

ரெகுலர் மொழி ஒன்றின் உட்கணங்கள் எல்லாமே ரெகுலரா? (இல்லை. 0, 1 கொண்ட எல்லாச் சரங்களின் மொழியும் ரெகுலர்தான். அதற்குள்ளேதான் பாலிண்ட்ரோம்களும் இருக்கின்றன.)

என்எஃப்ஏவில் முடிவு ஸ்டேட்களையும் மற்றவற்றையும் இடம் மாற்றினால் எதிர் மொழி (முன்பு ஏற்காத சரங்கள் எல்லாம் அடங்கிய மொழி) கிடைக்குமா? (டிஎஃப்ஏவில் கிடைக்கும், என்எஃப்ஏவில் உறுதியில்லை. நாணயங்களை வைத்துக் காட்டினால் உடனே விளங்கும்.)

முடிவுறு எண்ணிக்கையில் சரங்கள் உள்ள மொழி எப்போதும் ரெகுலரா? (ஆம்.)

அந்த மூன்று நிமிடப் பேச்சு தமிழில் நடக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு டிஓசியில் இரண்டு சுமை: கருத்தும் புதிது, அது வரும் மொழியும் பழக்கமில்லாதது. ‘இங்கிலீஷ்லயே பேசுங்க’ என்று கட்டாயப்படுத்தினால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், யோசனையும் அதோடு நின்றுவிடும். விவாதம் தமிழில் முடிந்த பிறகு, அதே வாதத்தை இரண்டு ஆங்கில வாக்கியமாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலம் அந்த இரண்டு வாக்கியத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும்.

படி 6: கிராமர், புஷ்டவுன் ஆட்டோமேட்டா

கிராமரும் (சரங்களை உருவாக்கும் விதிகள்) புஷ்டவுன் ஆட்டோமேட்டாவும் (அடுக்கு நினைவகம் கொண்ட மெஷின்கள்) வரும் மூன்றாம் யூனிட்டில் பிள்ளைகள் அவ்வளவாகச் சிக்குவதில்லை, அதனால் இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆம்பிகுவிட்டி (ஒரே தொடரை இரண்டு விதமாகப் பிரிக்க முடிவது) நடத்த நம் மொழியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ‘பழைய புத்தகக் கடை’ என்று போர்டில் எழுதுங்கள். பழையது புத்தகமா, கடையா? இரண்டுக்கும் சொற்கள் எப்படிச் சேர்கின்றன என்று காட்டும் மரம் வரையச் சொல்லுங்கள். ஒரே சொற்கள், இரண்டு மரங்கள். உடனே 2+3*4க்கு இரண்டு மரம், இரண்டு விடை: 14, 20. கம்பைலர் எழுதுபவருக்கு ஒரே மரம் ஏன் வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நிரூபணங்களுக்கும் நீண்ட செய்முறைகளுக்கும் பார்சன்ஸ் புதிர் உதவும். நியூசிலாந்தைச் சேர்ந்த டேல் பார்சன்ஸ், பட்ரிஷியா ஹேடன் இருவரும் 2006இல் புரோகிராமிங் பயிற்சிக்காக அறிமுகப்படுத்தியது. சரியான விடையின் வரிகளைத் தனித்தனித் துண்டாக வெட்டி, கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வதுதான் அது. நான் பரிந்துரைப்பது, கூடவே தவறான துண்டு ஒன்றையும் சேர்த்துவிடுவது. ஏன் அது தவறு என்று எழுதினால்தான் முழு மதிப்பெண்.

மென்பொருள் என்று பார்த்தால், டியூக் பல்கலைக்கழகத்தில் சூசன் ராட்ஜர் குழு உருவாக்கிய ஜேஃப்ளாப் இலவசமாகக் கிடைக்கிறது. டிஎஃப்ஏ முதல் டூரிங் மெஷின் (கணினியின் கணித மாதிரி) வரை வரைந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, பேப்பரில் வரைந்து, எந்தச் சரம் ஏற்கப்படும் என்று எழுதிவைத்த பிறகுதான் கணினி. நேராக மென்பொருளில் உட்கார்ந்தால் படி 2இல் ஒழித்த தடவல் பழக்கம் திரும்ப வந்துவிடும்.

படி 7: முடியாது என்பதை நிரூபிப்பது

சில சிக்கல்களை எந்தப் புரோகிராமாலும் தீர்க்க முடியாது என்ற, ஆலன் டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையின் மையக் கருத்தை இருபது வயதுப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது. அதை அவசரமாகச் சிதைத்துவிடக் கூடாது.

முதலில், ஒரு புரோகிராம் நிற்குமா என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை உணர வையுங்கள். எண் இரட்டைப்படை என்றால் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, 1 வந்தால் நில். ஐந்து வரி புரோகிராம். 26ஐக் கொடுத்தால் 10 படியில் நின்றுவிடும். 27ஐக் கொடுத்தால் 9232 வரை ஏறி, 111 படி கழித்துத்தான் 1க்கு வரும். எல்லா எண்ணுக்கும் இது நிற்குமா என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இதைக் கேட்டதும் வகுப்பில் உண்டாகும் பரபரப்பு போதும், அடுத்த ஒரு மணி நேரம் அதிலேயே ஓடும்.

இப்போது ஒரு நாடகம். ஒரு மாணவர் நிபுணர். எந்தப் புரோகிராமைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் ‘நிற்கும்’ அல்லது ‘நிற்காது’ என்று கட்டாயம் பதில் சொல்வார். இன்னொரு மாணவர் குறும்பர். அவர் கையில் உள்ள தாளில் எழுதியிருப்பது: ‘இந்தத் தாளை நிபுணரிடம் காட்டு. நிற்கும் என்று அவர் சொன்னால் வகுப்பைச் சுற்றி நடந்துகொண்டே இரு. நிற்காது என்று சொன்னால் உடனே உட்கார்ந்துவிடு.’ நிபுணர் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். இரண்டு பேரை மாற்றிப் போட்டு ஆடிப் பாருங்கள். நிபுணரின் புத்திசாலித்தனத்தில் குறை இல்லை, அப்படி ஒரு நிபுணரே இருக்க முடியாது என்பதை மாணவர்களே சொல்லும்வரை நீங்கள் பேச வேண்டாம். ‘நிபுணர் பதிலே சொல்லாம இருந்துட்டா?’ என்று யாராவது கேட்டால் கொண்டாடுங்கள். டிசைடருக்கும் (எப்போதும் பதில் சொல்வது) ரெகக்னைசருக்கும் (விடை ‘ஆம்’ என்றால் மட்டும் கட்டாயம் பதில் சொல்வது) உள்ள வித்தியாசம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நாடகம் முடிந்ததும் புத்தகத்தில் உள்ள நிரூபணத்தை எடுத்து, எந்த வரி நிபுணர், எந்த வரி குறும்பர் என்று அடையாளம் காட்டச் சொல்லுங்கள்.

ரிடக்‌ஷனில், அதாவது ஒரு சிக்கலை இன்னொரு சிக்கலாக மாற்றிக் காட்டுவதில், எல்லோரும் குழம்புவது திசையில். எதை எதற்கு மாற்ற வேண்டும்? ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுங்கள்: ‘____ என்பதைத் தீர்க்கும் புரோகிராம் என்னிடம் இருந்தால், அதை வைத்து நிறுத்தல் சிக்கலையும் தீர்த்துவிடுவேன்.’ நிறுத்தல் சிக்கல் என்பது நிபுணரிடம் கேட்ட அதே கேள்விதான்: புரோகிராம் நிற்குமா? புதிய சிக்கல்தான் அந்த இடத்தில் வர வேண்டும். ஒரு புரோகிராம் ‘வணக்கம்’ என்று எப்போதாவது அச்சிடுமா என்ற கேள்வியில் தொடங்குங்கள். கொடுத்த புரோகிராமின் அச்சிடும் வரிகளை எல்லாம் நீக்கிவிட்டு, அது முடிந்த பிறகு ‘வணக்கம்’ அச்சிடும் வரியைச் சேர்த்தால், வணக்கம் வருவதும் புரோகிராம் நிற்பதும் ஒன்றாகிவிடுகிறது. நம் மாணவர்களுக்குப் புரோகிராம் எழுதத் தெரியும். டூரிங் மெஷினில் செய்வதை முதலில் அவர்களுக்குத் தெரிந்த மொழியில் செய்யட்டும்.

எமில் போஸ்ட் 1946இல் முன்வைத்த பொருத்தச் சிக்கலை அட்டைகளாக வெட்டித் தாருங்கள். ஒவ்வோர் அட்டையிலும் மேலே ஒரு சரம், கீழே ஒரு சரம். அட்டைகளை வரிசையாக வைத்து மேல்வரியும் கீழ்வரியும் ஒன்றாக வர வைக்க வேண்டும். ஒரே அட்டையை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். முதல் கட்டு: 1 மேல், 111 கீழ்; 10111 மேல், 10 கீழ்; 10 மேல், 0 கீழ். விடை 2, 1, 1, 3. கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவது கட்டு: 10 மேல், 101 கீழ்; 011 மேல், 11 கீழ்; 101 மேல், 011 கீழ். இதற்கு விடை இல்லை, ஆனால் அதைச் சொல்லாதீர்கள். முதல் அட்டையில்தான் தொடங்க முடியும், அப்புறம் மூன்றாவதை மட்டுமே வைக்க முடியும், கீழ்வரியில் எப்போதும் ஒரு 1 மிச்சம் நிற்கும். அட்டை தீர்ந்துபோகும் வரை அடுக்கிவிட்டு, ‘சார், இது முடியவே முடியாது’ என்று ஒரு குழு காரணத்தோடு வந்து சொல்லும். அப்போது கேளுங்கள்: ‘எந்தக் கட்டு கொடுத்தாலும் இப்படிச் சொல்லிவிடும் ஒரு புரோகிராம் எழுத முடியுமா?’

படி 8: தேர்வையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள்

பல்கலைக்கழகத் தேர்வின் அமைப்பை நாம் மாற்ற முடியாது. பார்ட் ஏவில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, பார்ட் பியில் பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள் ஐந்து, பார்ட் சியில் பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. இன்டர்னல் டெஸ்ட் நம் கையில் இருக்கிறது. அதில் ஒரு கேள்வியையாவது ‘இந்த விடையில் என்ன தவறு?’ என்று வையுங்கள். பெயர், கையெழுத்து எதுவும் தெரியாதபடி பழைய விடைத்தாள்களில் கண்ட பிழைகளை நீங்களே திரும்ப எழுதித் தரலாம். தவறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அதே தவறை எளிதில் செய்வதில்லை.

முடிந்தால் டெஸ்டை இரண்டு கட்டமாக நடத்துங்கள். முதலில் தனியாக எழுதிப் பேப்பரைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த பீரியடில் அதே கேள்விகளை மூன்று மூன்று பேராகச் சேர்ந்து எழுதட்டும். தனி விடைக்குப் பெரும்பங்கு, குழு விடைக்குச் சிறுபங்கு மதிப்பெண். டெஸ்ட் முடிந்த சூட்டில் நடக்கும் அந்த வாக்குவாதத்தில் அவர்கள் கற்பதை, பேப்பர் திருத்திக் கொடுத்து ஒரு வாரம் கழித்து நாம் போடும் விடைகளிலிருந்து கற்பதில்லை.

வகுப்பின் கடைசி இரண்டு நிமிடத்தில் சின்னத் துண்டுச் சீட்டு ஒன்று வாங்குங்கள்: இன்று எது தெளிவாகவில்லை? பெயர் வேண்டாம். ஸ்டாஃப் ரூமுக்குப் போகும் வழியிலேயே புரட்டிப் பார்த்துவிடலாம். ஒரே விஷயம் பத்துச் சீட்டில் இருந்தால் நாளைய வகுப்பு அங்கிருந்து தொடங்க வேண்டும். நல்ல சீட்டுகளைத் தலைப்புவாரியாக ஒரு கவரில் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு வாக்கெடுப்புக் கேள்விகளுக்கான தவறான விடைகளை நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை, அந்தக் கவரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாப் படிகளையும் ஒரே செமஸ்டரில் தொடங்க வேண்டாம். இந்த முறை வட்டத்துக்கு ஒரு வாக்கியமும் பம்பிங் லெம்மா ஆட்டமும் போதும். அடுத்த முறை வாக்கெடுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டை வெட்டுவதற்கும் ஒர்க்‌ஷீட் தயாரிப்பதற்கும் நேரம் எடுக்கும், அதனால் இதே பேப்பரை எடுக்கும் இன்னோர் ஆசிரியரோடு வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, ஆளுக்கு இரண்டு யூனிட்டாகச் செமஸ்டர் விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.